பைப்லைன்களை வெறும் பாஸ்வேர்டிலிருந்து மாற்றுவது எப்படி?

கேள்வி: ஏர்ஃப்ளோ, டிபிடி, ஸ்பார்க், டெபீசியம் எனப் பல டேட்டா கருவிகளிலிருந்து போஸ்ட்கிரஸ், ஸ்னோஃப்ளேக் ஆகிய இரண்டு டேட்டாபேஸ்களுக்கும் யூசர்நேம், பாஸ்வேர்ட் மட்டும் வைத்து இணைகிறோம். இதை நிறுத்தச் சொல்லி செக்யூரிட்டி குழு கேட்கிறது. எதற்கு மாறலாம்? ஓடிக்கொண்டிருப்பது நிற்காமல் எப்படி மாறுவது?

பதில்:

செக்யூரிட்டி குழு கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2024-இல் ஸ்னோஃப்ளேக் வாடிக்கையாளர்கள் பலருடைய டேட்டா திருடுபோனது. ஸ்னோஃப்ளேக்கின் சர்வரை யாரும் உடைக்கவில்லை. மால்வேர் மூலம் முன்பே களவாடப்பட்ட பாஸ்வேர்டுகளை வைத்து, இரண்டாம் சரிபார்ப்பு இல்லாத அக்கவுண்டுகளுக்குள் நேராக லாகின் செய்தார்கள். அவற்றில் சில பாஸ்வேர்டுகள் 2020-லேயே கசிந்தவை. நான்கு ஆண்டுகளாக யாரும் மாற்றவில்லை. அதன் பிறகுதான் வெறும் பாஸ்வேர்டைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக ஸ்னோஃப்ளேக் அறிவித்தது. உங்கள் அக்கவுண்டுக்கு எந்தத் தேதி என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனிதர்களுக்கு ஓடிபி போதும். அதிகாலை மூன்று மணிக்கு ஓடும் ஜாபுக்கு ஓடிபி அடிக்க ஆள் கிடையாது. ஆகவே பைப்லைனுக்கு, அதாவது டேட்டாவைத் தானாக எடுத்துச்செல்லும் ஜாபுகளுக்கு, உள்ள வழிகள் கீ-பேர் (நம்மிடம் ரகசியமாக இருக்கும் பிரைவேட் கீ, சர்வரிடம் கொடுக்கும் பப்ளிக் கீ என்ற இணை) அல்லது சர்டிஃபிகேட் (கையெழுத்திட்ட டிஜிட்டல் அடையாளச் சான்று), கிளவுட் அடையாளத்தை வைத்து வாங்கும் குறுகிய ஆயுள் டோக்கன் (சிறிது நேரமே செல்லும் அனுமதிச் சீட்டு), உள் நெட்வொர்க்கில் கெர்பரோஸ் என்ற டிக்கெட் முறை. இவற்றில் எது சிறந்தது என்ற விவாதத்தில் நேரம் போக்குவதைவிட வேறொரு கேள்வியை முதலில் கேளுங்கள்: உங்கள் ஒவ்வொரு பைப்லைனிலும் புதிய கனெக்‌ஷனை யார், எப்போது திறக்கிறார்கள்? பாஸ்வேர்ட் மாறாது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட கருவிகள் ஜாப் தொடங்கும்போது ஒருமுறை அதைப் படித்து வைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் அதையே பயன்படுத்தும். பாஸ்வேர்டின் இடத்தில் பதினைந்து நிமிடத்தில் காலாவதியாகும் டோக்கன் வந்தால் அங்கேதான் உடையும்.

முதலில் யார் யார் உள்ளே வருகிறார்கள் என்று பாருங்கள்

பட்டியலை வெறும் கான்ஃபிக் கோப்புகளை வைத்துப் போடாதீர்கள். டேட்டாபேஸ் பக்கத்திலிருந்து போடுங்கள். போஸ்ட்கிரஸ்ஸில் 'லாக்_கனெக்‌ஷன்ஸ்' அமைப்பை ஆன் செய்தால், பதிப்பு 14 முதல் ஒவ்வொரு லாகினுக்கும் எந்த முறையில் சரிபார்க்கப்பட்டது என்பதும் லாகில் பதிவாகும். 'எம்டி5', 'ஸ்க்ராம்-ஷா-256', 'செர்ட்' என்று முறையின் பெயரே வரும் (முதல் இரண்டும் பாஸ்வேர்ட் முறைகள், மூன்றாவது சர்டிஃபிகேட்). ஸ்னோஃப்ளேக்கில் 'அக்கவுண்ட்_யூசேஜ்' ஸ்கீமாவில் உள்ள 'லாகின்_ஹிஸ்டரி' வியூ 365 நாள் வரலாறு தரும். முதல் சரிபார்ப்புக் காரணி என்ற நெடுவரிசையில் 'பாஸ்வேர்ட்' என்று உள்ளவற்றை யூசர், கிளையண்ட் வகை, ஐபி வாரியாகத் தொகுத்தால் உண்மையான பட்டியல் கிடைக்கும். இந்த வியூ இரண்டு மணி நேரம் வரை பின்தங்கும், அதனால் இப்போது செய்த சோதனையை உடனே அங்கே தேடாதீர்கள்.

பட்டியல் வந்ததும் பெரும்பாலும் தெரியவருவது: ஒரே 'ஈடிஎல்' (டேட்டாவை எடுத்து, மாற்றி, ஏற்றும் வேலை) யூசரை எட்டுப் பத்து இடங்கள் பகிர்ந்துகொள்கின்றன. இதைப் பிரிக்காமல் மேலே போகாதீர்கள். ஒரு பைப்லைனுக்கு ஒரு யூசர் என்று ஆன பிறகுதான் ஒவ்வொன்றாக மாற்ற முடியும், ஒன்றில் பிழை வந்தால் அதை மட்டும் பின்வாங்க முடியும்.

பிரிக்கும்போது ஸ்னோஃப்ளேக்கில் சிக்கல் குறைவு. அங்கே டேபிளின் உரிமை யூசரிடம் இல்லை, ரோலிடம் (யூசர்களுக்குக் கொடுக்கும் உரிமைத் தொகுப்பு) இருக்கிறது. அதே ரோலைப் புதிய யூசருக்குக் கொடுத்தால் போதும். போஸ்ட்கிரஸ்ஸில் டேபிளை உருவாக்கியவரே உரிமையாளர். டிபிடி பழைய டேபிளை டிராப் செய்து புதிதாகக் கட்டும் கருவி. புதிய யூசரில் ஓடினால் 'உரிமையாளராக இருக்க வேண்டும்' என்று முதல் மாடலிலேயே நின்றுவிடும். லாகின் உரிமை இல்லாத ஒரு குழு ரோலை உருவாக்கி, பழைய யூசரின் பொருள்களை 'ரீஅசைன் ஓன்ட்' கட்டளையால் அதற்கு மாற்றுங்கள். பிறகு பழைய யூசரையும் புதிய யூசரையும் அந்தக் குழுவில் சேர்த்து, இருவருக்கும் 'ஆல்டர் ரோல் … செட் ரோல்' கொடுத்துவிட்டால், யார் உள்ளே வந்தாலும் உருவாகும் டேபிள் குழுவின் பெயரிலேயே இருக்கும். பின்னால் வரும் பல வேலைகளுக்கு இதுதான் அடித்தளம்.

ஸ்னோஃப்ளேக்: கீ-பேர்

இங்கே ஒரு பெரிய வசதி: கீயும் பாஸ்வேர்டும் ஒரே யூசரில் ஒரே நேரத்தில் செல்லும். ஆகவே நிறுத்தம் இல்லாமல் மாறலாம். ஓபன்எஸ்எஸ்எல் கொண்டு குறைந்தது 2048 பிட் ஆர்எஸ்ஏ கீ உருவாக்குங்கள். அது பிகேசிஎஸ் 8 என்ற கோப்பு வடிவில் இருக்க வேண்டும். கோப்பின் முதல் வரியில் 'பிகின் ஆர்எஸ்ஏ பிரைவேட் கீ' என்று இருந்தால் அது பழைய வடிவம். 'பிகின் பிரைவேட் கீ' அல்லது 'பிகின் என்கிரிப்டட் பிரைவேட் கீ' என்று இருந்தால் சரி. பப்ளிக் கீயை யூசரின் 'ஆர்எஸ்ஏ_பப்ளிக்_கீ' பண்பில் வையுங்கள். தலைப்பு வரியும் முடிவு வரியும் இல்லாமல், நடுவில் உள்ளதை மட்டும்.

பிறகு கருவிகளில் மாற்றம். டிபிடியின் ப்ரொஃபைல் கோப்பில் பாஸ்வேர்ட் வரியை எடுத்துவிட்டு பிரைவேட் கீயின் பாதையைக் கொடுக்க வேண்டும். ஏர்ஃப்ளோவில் கனெக்‌ஷனின் 'எக்ஸ்ட்ரா' ஜேசனில் கீ கோப்பின் பாதையையோ கீயின் உள்ளடக்கத்தையோ கொடுக்கலாம். உள்ளடக்கமாக ஒட்டும்போதுதான் தகராறு. பல வரிக் கீயை ஜேசனுக்குள் அப்படியே ஒட்டினால் வரி முறிவுகள் சிதைந்து, கீயைப் படிக்க முடியவில்லை என்ற பிழை வரும். ஏர்ஃப்ளோவின் ஸ்னோஃப்ளேக் ப்ரொவைடருடைய (இணைப்புத் தொகுப்பு) புதிய பதிப்புகள் பேஸ்64 ஆக்கிய உள்ளடக்கத்தை எதிர்பார்க்கின்றன. ப்ரொவைடரைப் பதிப்பு உயர்த்தியதும் நேற்றுவரை ஓடிய கனெக்‌ஷன் நின்றால் முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்து, எல்லோரையும் அரை நாள் உட்காரவைக்கும் 390144, 'ஜேடபிள்யூடி டோக்கன் செல்லாது' என்ற பிழை. இந்த ஒரே செய்திக்குப் பின்னால் பல காரணங்கள் ஒளிந்திருக்கும். யூசர்நேமில் தவறு, அக்கவுண்ட் அடையாளத்தில் தவறு, தவறான யூசரில் பப்ளிக் கீ வைத்தது, மெஷினின் கடிகாரம் பிசகியது. குருட்டாம்போக்கில் தேடாமல், 'டெஸ்க்ரைப் யூசர்' காட்டும் பப்ளிக் கீ ஃபிங்கர்பிரிண்டையும், உங்கள் பிரைவேட் கீயிலிருந்து ஓபன்எஸ்எஸ்எல் மூலம் எடுத்த ஷா-256 ஃபிங்கர்பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கீ சரி. பெயர், கடிகாரம் பக்கம் போகலாம்.

பாஸ்ஃப்ரேஸ் பற்றி ஒரு வார்த்தை. பிரைவேட் கீயைப் பாஸ்ஃப்ரேஸால் (கீ கோப்பைத் திறக்கும் ரகசியச் சொல்) பூட்டி, இரண்டையும் ஒரே சீக்ரெட்டில் பக்கத்தில் வைப்பதால் பாதுகாப்பு பெரிதாக அதிகரிக்காது. ஜாவா டிரைவர்களில் மட்டும் தலைவலி கூடும். புதிய ஓபன்எஸ்எஸ்எல் தேர்ந்தெடுக்கும் என்கிரிப்ஷன் முறையைச் சில ஜேடிபிசி (ஜாவாவின் டேட்டாபேஸ் இணைப்பு முறை) சூழல்கள் படிக்க முடியாமல் திணறும். இரண்டையும் வேறு வேறு இடங்களில் வைக்க முடிந்தால் பூட்டுங்கள். இல்லையேல் சீக்ரெட் மேனேஜரின் (ரகசியங்களைச் சேமிக்கும் சேவை) அணுகல் உரிமையைச் சுருக்குவதிலும், அந்த யூசருக்கு நெட்வொர்க் பாலிசி போட்டு ஐபியைக் கட்டுவதிலும் அந்த உழைப்பைச் செலவிடுங்கள். கிட் ரெப்போவுக்குள் போன பிரைவேட் கீ, பாஸ்வேர்டைவிட எந்த வகையிலும் மேலானது அல்ல.

கீ மாற்றத்துக்கு 'ஆர்எஸ்ஏ_பப்ளிக்_கீ_2' என்ற இரண்டாவது இடம் இருக்கிறது. புதியதை அங்கே வைத்து, கருவிகளை மாற்றி, லாகின்கள் வருவதை உறுதி செய்த பிறகு பழையதை நீக்குங்கள்.

எல்லா லாகினும் கீ வழியாக வருகிறது என்று வரலாறு காட்டியதும் அந்த யூசரின் பாஸ்வேர்டை நீக்கி, வகையை 'சர்வீஸ்' ஆக்குங்கள். சர்வீஸ் வகை யூசருக்குப் பாஸ்வேர்ட் வைக்கவே முடியாது. பின்னால் யாராவது அவசரத்தில் திரும்ப வைத்துவிடும் வாய்ப்பும் அடைபடுகிறது. 'லெகசி சர்வீஸ்' என்று ஒரு வகை பாஸ்வேர்டை அனுமதிக்கும். அது நிறுத்தப்படப்போகும் தற்காலிக வழி, அங்கே குடியேற வேண்டாம். பாஸ்வேர்ட் கட்டம் மட்டுமே உள்ள மூன்றாம் தரப்புக் கருவியாக இருந்தால், புரோகிராமாட்டிக் ஆக்சஸ் டோக்கனை அந்தக் கட்டத்திலேயே கொடுக்கலாம். இயல்பு ஆயுள் 15 நாள், அதிகபட்சம் 365 நாள். சர்வீஸ் யூசருக்கு நெட்வொர்க் பாலிசியும் வேண்டும். காலாவதி தேதியைக் காலண்டரில் குறிக்காவிட்டால் ஒரு காலையில் லோடு நின்றிருக்கும்.

போஸ்ட்கிரஸ், கிளவுடில்: பதினைந்து நிமிட டோக்கன்

அமேசான் ஆர்டிஎஸ்ஸை (அமேசான் கிளவுடின் டேட்டாபேஸ் சேவை) எடுத்துக்கொள்கிறேன், சிக்கல்கள் இங்கே துலக்கமாகத் தெரியும். ஐஏஎம் (கிளவுடின் அடையாள, அணுகல் சேவை) முறையில் பாஸ்வேர்டுக்குப் பதில் கையெழுத்திட்ட டோக்கன் போகும். ஆயுள் 15 நிமிடம். இந்த ஆயுள் லாகின் நேரத்துக்கு மட்டுமே. உள்ளே நுழைந்த கனெக்‌ஷன் மூன்று மணி நேரம் ஓடினாலும் யாரும் வெட்டமாட்டார்கள்.

ஸ்னோஃப்ளேக்கில் உள்ள வசதி இங்கே இல்லை. ஒரு யூசருக்கு 'ஆர்டிஎஸ்_ஐஏஎம்' ரோலைக் கொடுத்த கணத்தில் அவருடைய பாஸ்வேர்ட் செல்லாது. ஆகவே பழைய யூசரின் மேல் கைவைக்காமல், புதிய யூசரை உருவாக்கி அவருக்கு மட்டும் கொடுங்கள். நேரடியாக இல்லாமல் குழு வழியாகச் சேர்ந்தாலும் இதே விளைவுதான். மேலே சொன்ன குழு ரோலுக்குத் தெரியாத்தனமாக 'ஆர்டிஎஸ்_ஐஏஎம்' கொடுத்துவிட்டால், அதில் உள்ள எல்லா பைப்லைனும் அடுத்த கனெக்‌ஷனில் வெளியே நிற்கும். மாஸ்டர் யூசரையும் இதிலிருந்து தள்ளியே வையுங்கள்.

'பாம் ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்' என்று வந்தால் பார்க்க வேண்டியவை: ஐஏஎம் பாலிசியில் டேட்டாபேஸின் பெயரைப் போட்டிருப்பீர்கள், அங்கே வேண்டியது ரிசோர்ஸ் ஐடி. டோக்கனை உங்கள் உள் டிஎன்எஸ் மாற்றுப் பெயருக்கு உருவாக்கியிருப்பீர்கள். கையெழுத்து உண்மையான எண்ட்பாயிண்ட் பெயர், போர்ட், யூசர் மூன்றையும் உள்ளடக்கியது, அதனால் மாற்றுப் பெயர் ஒத்துவராது. எஸ்எஸ்எல் இல்லாமல் இணைந்திருப்பீர்கள். அல்லது கருவியின் பாஸ்வேர்ட் கட்டம் 255 எழுத்தோடு வெட்டியிருக்கும். டோக்கன் அதைவிடப் பல மடங்கு நீளம், வெட்டியதைப் பல கருவிகள் சொல்வதுகூட இல்லை.

இவை முதல் நாளிலேயே தெரிந்துவிடும். தெரியாமல் இருந்து பிறகு கடிப்பது பூல், அதாவது திறந்த இணைப்புகளைச் சேர்த்து வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தும் பகுதி. ஜாவாவில் பயன்படும் ஹிகாரி பூலின் இயல்பு அமைப்பில் ஒரு கனெக்‌ஷனின் அதிகபட்ச ஆயுள் 30 நிமிடம். சர்வீஸ் தொடங்கும்போது ஒரு டோக்கன் வாங்கி, அதை நிலையான பாஸ்வேர்டாகப் பூலுக்குக் கொடுத்துவிட்டால் முதல் அரை மணி நேரம் எல்லாம் சுகமாக ஓடும். அரை மணி நெருங்கும்போது பூல் பழைய கனெக்‌ஷன்களை ஓய்வு கொடுத்து அனுப்பிப் புதியவற்றைத் திறக்கப் பார்க்கும். கையில் இருப்பதோ பதினைந்து நிமிடம் முன்பே செத்துப்போன டோக்கன். டெஸ்ட் சூழலில் ஜாப் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும், அதனால் அங்கே இது தலைகாட்டவே இல்லை. தீர்வு, டோக்கனை மதிப்பாகக் கொடுக்காமல், கனெக்‌ஷன் திறக்கும் கணத்தில் டோக்கன் வாங்கும் ஃபங்ஷனைக் கொடுப்பது. பைத்தானில் எஸ்கியூஎல்-ஆல்கெமி பயன்படுத்தினால் 'டூ_கனெக்ட்' ஈவென்டில் அதைச் செருகலாம். ஜாவாவில் அமேசானின் ஜேடிபிசி வ்ராப்பர் டிரைவரில் ஐஏஎம் ப்ளக்இன் இதையே செய்கிறது. ஏர்ஃப்ளோவின் போஸ்ட்கிரஸ் ஹூக் 'எக்ஸ்ட்ரா'வில் 'ஐஏஎம்' என்பதை ட்ரூ என்று வைத்தால் ஒவ்வொரு முறை இணையும்போதும் புதிதாக வாங்கும்.

ஸ்பார்க்கில் இதே நோய் வேறு முகத்தில் வரும். ஜாபை நடத்தும் டிரைவர் நோடு ஒரு டோக்கன் வாங்கி ஜேடிபிசி ஆப்ஷனில் பாஸ்வேர்டாக வைக்கும். 200 பார்ட்டிஷன், 20 கோர் என்றால் டாஸ்க்குகள் பத்து அலைகளாக ஓடும். ஒவ்வொரு டாஸ்க்கும் தன் கனெக்‌ஷனைத் தானே திறக்கும். ஓர் அலைக்கு நான்கு நிமிடம் ஆனால், ஐந்தாவது அலை 16-ஆம் நிமிடத்தில் தொடங்கி விழும். மறுமுயற்சியும் அதே பழைய டோக்கனோடு போவதால் பயன் இல்லை. வ்ராப்பர் டிரைவரை எக்சிக்யூட்டர்களிலும் (டாஸ்க்குகளை ஓட்டும் பகுதிகள்) போட்டு, அவற்றின் ஐஏஎம் ரோலுக்கும் டேட்டாபேஸில் இணையும் உரிமை கொடுங்கள். டிரைவர் நோடுக்கு மட்டும் கொடுத்துவிட்டு எக்சிக்யூட்டரை மறப்பது இங்கே வழக்கமான பிழை.

கூகுள் கிளவுட் எஸ்கியூஎல்லில் டோக்கன் ஒரு மணி நேரம் செல்லும். அங்கே டோக்கனைக் கையால் தொடாமல், ஆத் ப்ராக்ஸியை (கருவிக்கும் டேட்டாபேஸுக்கும் இடையில் நின்று இணைக்கும் நிரல்) தானியங்கி ஐஏஎம் லாகினோடு ஓடவிட்டு, கருவியை அந்த ப்ராக்ஸியோடு இணைப்பது எளிது. போஸ்ட்கிரஸ்ஸில் சர்வீஸ் அக்கவுண்டின் பெயரை எழுதும்போது இறுதியில் வரும் 'ஜிசர்வீஸ்அக்கவுண்ட் டாட் காம்' பகுதியை, அதற்கு முன்னுள்ள புள்ளியோடு சேர்த்து நீக்க வேண்டும். அஸூரில் மேனேஜ்ட் ஐடென்டிட்டி, தத்துவம் அதே.

டெபீசியம்: இப்போதைக்கு விதிவிலக்கு

ஆர்டிஎஸ் போஸ்ட்கிரஸ்ஸில் ரெப்ளிகேஷன் கனெக்‌ஷனுக்கு (மாற்றங்களைத் தொடர்ந்து வெளியே அனுப்பும் இணைப்பு) ஐஏஎம் டோக்கன் இயல்பு அமைப்பில் செல்லாது. டெபீசியம் வாழ்வதே ரெப்ளிகேஷன் கனெக்‌ஷனில்தான். இதை மறைக்காமல் விதிவிலக்காக எழுதி வையுங்கள்: தனி யூசர், தேவையான டேபிள்களுக்கு மட்டும் உரிமை, எஸ்எஸ்எல் கட்டாயம், செக்யூரிட்டி குரூப்பில் (நெட்வொர்க் அனுமதி விதிகள்) டெபீசியத்தை ஓட்டும் காஃப்கா கனெக்ட் நோடுகளுக்கு மட்டும் வழி, சீக்ரெட் மேனேஜரில் சுழலும் பாஸ்வேர்ட். சுழற்சிக்கு இரண்டு யூசர்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் முறையே இங்கே பொருந்தும், ஏனென்றால் காஃப்கா கனெக்ட் சீக்ரெட்டைப் படிப்பது டாஸ்க் தொடங்கும்போது. ஒரே யூசரின் பாஸ்வேர்ட் மாறினால் ஓடும் கனெக்‌ஷன் தொடரும். வாரம் கழித்து நெட்வொர்க் ஒரு கணம் துண்டித்து மீண்டும் இணையும்போது விழும். கனெக்டர் விழுந்து கிடந்தால் ரெப்ளிகேஷன் ஸ்லாட் (எதுவரை படிக்கப்பட்டது என்ற குறி) வால் எனப்படும் மாற்றப் பதிவுக் கோப்புகளை விடாமல் பிடித்துக்கொள்ளும், டிஸ்க் நிரம்பி மூல டேட்டாபேஸே நிற்கலாம். பதிப்பு 13 முதல் உள்ள 'மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ்' வரம்பை முன்கூட்டியே போடுங்கள். வரம்பைத் தாண்டினால் ஸ்லாட் செல்லாததாகி முழு ஸ்னாப்ஷாட் மறுபடி எடுக்க நேரலாம், ஆனால் புரொடக்‌ஷன் டேட்டாபேஸ் பிழைக்கும்.

சொந்த சர்வரில் போஸ்ட்கிரஸ்: சர்டிஃபிகேட்

பலர் கவனிக்காத ஓர் இடைநிலை இங்கே உண்டு. கேட்டது 'வெறும் பாஸ்வேர்ட் கூடாது' என்பதே. எச்பிஏ கோப்பில் (யார், எங்கிருந்து, எந்த முறையில் இணையலாம் என்று சொல்லும் போஸ்ட்கிரஸ் கோப்பு) 'ஹோஸ்ட்எஸ்எஸ்எல்' வரியில் ஸ்க்ராம் முறையை வைத்து, பக்கத்தில் 'கிளையண்ட்செர்ட்=வெரிஃபை-ஃபுல்' சேர்த்தால் பாஸ்வேர்டும் சர்டிஃபிகேட்டும் இரண்டும் வேண்டும். பதிப்பு 12 முதல் கிடைக்கிறது. அடுத்த கட்டமாக முறையை 'செர்ட்' என்று மாற்றினால் பாஸ்வேர்ட் முற்றிலும் போய்விடும். சர்டிஃபிகேட்டின் காமன் நேம் யூசர்நேமோடு ஒத்திருக்க வேண்டும், இல்லையேல் ஐடென்ட் கோப்பில் மேப் எழுத வேண்டும்.

எச்பிஏ கோப்பில் மேலிருந்து முதலில் பொருந்தும் வரியே இறுதி. அங்கே சரிபார்ப்பு தோற்றால் அடுத்த வரிக்கு இறங்காது. ஆகவே புதிய யூசரின் வரி பொது வரிக்கு மேலே இருக்க வேண்டும்; கீழே போட்டால் அவர் பாஸ்வேர்ட் வரியிலேயே பிடிபடுவார். ரீலோடு செய்யும் முன் 'பிஜி_எச்பிஏ_ஃபைல்_ரூல்ஸ்' வியூவில் பிழை நெடுவரிசை காலியாக இருக்கிறதா பாருங்கள். கிளையண்ட் பக்கம் எஸ்எஸ்எல் மோடு 'வெரிஃபை-ஃபுல்' ஆக இருக்கட்டும். 'ரிக்வயர்' என்றால் என்கிரிப்ஷன் உண்டு, எதிரில் இருப்பது நம் சர்வர்தானா என்ற உறுதி கிடையாது.

கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸில் ஓடும் ஏர்ஃப்ளோவில் இங்கே ஒரு முள் காத்திருக்கும். சீக்ரெட் வால்யூமாக ஏற்றிய கீ கோப்பின் இயல்பு அனுமதி 0644. போஸ்ட்கிரஸ்ஸின் கிளையண்ட் நூலகமான லிப்பிக்யூ அதை ஏற்காது, 'பிரைவேட் கீ கோப்பைக் குழுவோ மற்றவர்களோ படிக்க முடிகிறது' என்று மறுக்கும். 0600 என்று மாற்றினால், கோப்பு ரூட்டுடையது, பாட் (கண்டெய்னர் ஓடும் அலகு) ஓடுவது வேறு யூசரில், படிக்கவே முடியாது. எஃப்எஸ்குரூப் (வால்யூமின் கோப்புகளுக்குக் குழு தரும் அமைப்பு) கொடுத்து அனுமதியை 0440 ஆக்குங்கள். ரூட்டுக்குச் சொந்தமான கோப்பைக் குழு படிப்பதைப் புதிய லிப்பிக்யூ பதிப்புகள் ஏற்கின்றன. பழைய பதிப்பானால் இனிட் கண்டெய்னரில் நகலெடுத்து 0600 போடுவதுதான் வழி. ஜாவா டிரைவர் கேட்கும் கீ வடிவமும் வேறு: டெர் வடிவ பிகேசிஎஸ் 8, அல்லது பிகேசிஎஸ் 12.

வால்ட் என்ற ரகசிய நிர்வாகக் கருவி மூலம் தற்காலிக யூசர்களை உருவாக்கும் வழியும் உண்டு. ஒவ்வொரு குத்தகைக்கும் புது யூசர், முடிந்ததும் நீக்கம். அந்தத் தற்காலிக யூசர் ஒரு டேபிளை உருவாக்கியிருந்தால் நீக்கம் தோற்கும், செத்த யூசர்கள் நூற்றுக்கணக்கில் தேங்குவார்கள். மேலே சொன்ன குழு ரோல் ஏற்பாட்டை உருவாக்கும் கட்டளையிலேயே சேர்த்தால் இது வராது.

பழையதை மூடுவது

புதிய வழி ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்ததாக நினைத்து நிறுத்துவதுதான் அதிகம் நடக்கிறது. பழைய பாஸ்வேர்ட் உயிரோடு இருக்கும்வரை தாக்குபவருக்கு எதுவும் மாறவில்லை. போஸ்ட்கிரஸ்ஸில் பழைய யூசரை உடனே டிராப் செய்யாமல் 'நோலாகின்' ஆக்குங்கள். தேவைப்பட்டால் ஒரே வரியில் திரும்பலாம். ஆனால் 'நோலாகின்' ஏற்கெனவே உள்ளே இருக்கும் கனெக்‌ஷன்களைத் தொடாது. விடாமல் பிடித்திருக்கும் ஒரு பூல், அடுத்த ரீஸ்டார்ட் வரை எல்லாம் சரி என்று காட்டி ஏமாற்றும். ஆகவே 'பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி'யில் அந்த யூசரின் செஷன்களைப் பார்த்து 'பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட்' கொண்டு முடித்துவிடுங்கள், அதுவும் ஆட்கள் இருக்கும் வேலை நேரத்தில். உடைய வேண்டியது அப்போதே உடையட்டும்.

காத்திருப்புக் காலத்தை இரண்டு வாரம் என்று கண்ணை மூடிக்கொண்டு வைக்காதீர்கள். மாதக் கடைசி, காலாண்டு ஜாபுகள் ஒரு சுற்று ஓடிய பிறகு டிராப் செய்யுங்கள். அவசரத்துக்கு ஒரே ஒரு பாஸ்வேர்ட் யூசரை விட்டுவைப்பதில் தவறில்லை, அதில் எந்த ஜாபும் ஓடக்கூடாது, அதன் ஒவ்வொரு லாகினுக்கும் அலர்ட் போக வேண்டும். அதே அலர்ட்டில் இன்னொரு விதியும் சேருங்கள்: சர்வீஸ் யூசர் யாராவது பாஸ்வேர்ட் முறையில் உள்ளே வந்தால், ஒப்புக்கொண்ட விதிவிலக்குப் பட்டியலில் இல்லாதவராக இருந்தால், உடனே செய்தி வர வேண்டும். போஸ்ட்கிரஸ் லாகில் முறையின் பெயரும் ஸ்னோஃப்ளேக்கில் காரணி நெடுவரிசையும் இருப்பதால் இதற்குத் தனிக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.